அந்த 592

மழை விட்ட சாயங்காலம். புஞ்சாக் ஆலாமில் ஒரு சாப்பாட்டுக் கடை. எதிரே செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன். தே தாரேக்கை ஆற்றியபடி கேட்டார்: “கோவிட் நேரத்துல ஒரே நாள்ல 592 பேர் செத்ததா சொன்னாங்களே, அது எப்படி தம்பி? அப்போ கேஸ் குறைய ஆரம்பிச்சிருச்சே?”

அது 2021 செப்டம்பர் 11. மலேசியாவில் தினசரித் தொற்று ஆகஸ்ட் 26-லேயே 24,599 என உச்சம் தொட்டிருந்தது. கேள்வி நியாயமானதுதான்.

“அண்ணே, மழையில லோரி உள்ள வர முடியாம மூணு நாள் குலை தோட்டத்துலயே கிடந்தா, நாலாம் நாள் மில்லுல நிறுவை என்ன காட்டும்?”

“எகிறும்.”

“அத்தனையும் அன்னிக்கு வெட்டுனதா?”

சிரித்துவிட்டார். 592-ம் அப்படித்தான். அது அன்று அறிவிக்கப்பட்ட கணக்கு. பெரும்பாலோர் இறந்தது அதற்கு முந்திய வாரங்களில். மருத்துவமனைகள் திணறியதில் பதிவும் சரிபார்ப்பும் தேங்கி, மொத்தமாக வந்து விழுந்தன. இறந்த தேதிப்படி அடுக்கினால் உச்சம் ஆகஸ்டில்தான் நிற்கும்.

மாவட்டக் கணக்கிலும் கண் ஏமாறும். பெட்டாலிங்கில் 800 தொற்று, நம் கோலசிலாங்கூரில் 100 என்று வைத்துக்கொள்வோம். தப்பித்தோம் என்று தோன்றும். 2020 கணக்கெடுப்பில் அங்கே ஏறக்குறைய 23 லட்சம் பேர், இங்கே 2.8 லட்சம். தலைக்கு வகுத்தால் இரண்டும் ஒன்றுதான். அதுவும் பரிசோதனைக்கு வந்தவர்கள் மட்டுமே கணக்கில் இருப்பார்கள்; கூலி போய்விடும் என்று வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

என்னை உறுத்துவது வேறொரு வரி: மருத்துவமனைக்கு வரும்போதே இறந்திருந்தவர்கள். நாட்டின் கோவிட் மரணங்களில் சுமார் ஐந்தில் ஒன்று இந்த வகை. சிகிச்சை தோற்ற கணக்கல்ல அது, சிகிச்சையே எட்டாத கணக்கு. மொத்தத் தொகையை மட்டும் படித்தவர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அண்ணன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். “அப்ப செத்த தேதியையும் சொல்லியிருக்கலாமே?”

சொல்லித்தான் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சு பொதுவில் வைத்த மரணப் பட்டியலில் இறந்த தேதியும் அறிவித்த தேதியும் தனித்தனியாகவே இருக்கின்றன.