பாறை மலையில் ஆலிவ் மரம்... துனிசியாவின் 'ஜெசூர்' டெக்னிக்!

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் வரும் ஹீரோவின் குகை வீடு நினைவிருக்கிறதா? அது துனிசியாவின் மத்மாத்தா ஊர். அங்கு ஆண்டுக்கு சுமார் 200 மி.மீ மழைதான். அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆனாலும், ஆலிவ் காய்க்கிறது!

ரகசியம், 'ஜெசூர்'. மலை ஓடைக்குக் குறுக்கே மண்கரை எழுப்புகிறார்கள். ஓடிவரும் வெள்ளம் வண்டலை இறக்கிவிட்டு அங்கேயே ஊறுகிறது. அந்த வண்டல்தான் வயல். மிஞ்சும் நீர், நம்மூர் கலிங்கு போன்ற கல்கட்டு வழியே அடுத்த கரைக்குப் போகும்.

சிக்கலும் அதில்தான். பெருமழைக்குப் பிறகு கரையைச் செப்பனிட ஆள் வேண்டும். இளைஞர்கள் பலர் வேலை தேடி நகரங்களுக்கும் பிரான்ஸுக்கும் போய்விட்டார்கள். மேலே ஒரு கரை உடைந்தால், கீழே இருப்பவரின் கரையும் மரமும் சேர்ந்தே போகும்.