பயணச்சீட்டில் இரு நிறுவனங்கள், வேலை யாருக்கு?

பொங்கோல் குடியிருப்பாளர்களுக்குச் சிலேத்தார் விமான நிலையம் பக்கத்தில்தான். அங்கு வளரும் பிள்ளைகளுக்கு விமானி ஆகும் ஆசை வருவது இயல்பே. ஆனால், விமானி வேலை நிலைப்பது திறமையை மட்டும் பொறுத்ததன்று.

2004ல் சிங்கப்பூரில் சேவை தொடங்கிய மலிவுக் கட்டண நிறுவனமான ஜெட்ஸ்டார் ஏஷியா, 2025 ஜூலை 31ஆம் தேதி மூடப்பட்டது. செலவு உயர்வும் கடும் போட்டியும் காரணங்களாகக் கூறப்பட்டன. 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். அதன் 13 விமானங்களை ஆஸ்திரேலியா, நியூசிலாந்துச் சேவைகளுக்கு மாற்ற குவாண்டாஸ் குழுமம் முடிவெடுத்தது. விமானம் போகும் நாட்டுக்கெல்லாம் விமானி எளிதில் போய்விட முடியாது.

ஆறுதலும் உண்டு. விமானிகள் ஒவ்வொரு விமான ரகத்துக்கும் தனித் தகுதி பெறவேண்டும். ஜெட்ஸ்டார் ஏஷியா இயக்கிய ஏ320 ரகம் ஸ்கூட்டிடமும் இருப்பதால், அங்கு மாறுவது எளிது. ஆனால், புதிய இடத்தில் பணிமூப்பு பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும்.

நிறுவனங்கள் கைகோக்கும்போது என்ன நடக்கும்? ஒரே விமானத்தின் இருக்கைகளை இரு நிறுவனங்கள் விற்கலாம்; அதை ஓட்டும் வேலை, இயக்கும் நிறுவனத்தின் விமானிகளுக்கே. சேவைகள் குறைந்தால் வேலையும் குறையும். இணைப்புப் பயணிகள் பெருகினால் வேலை கூடும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் கூட்டுக்கு 2025 ஜூலையில் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. சிங்கப்பூர் - கோலாலம்பூர் தடத்தில் இருக்கை எண்ணிக்கையைக் கட்டிக்காப்பது அதில் ஒன்று. நோக்கம் பயணிகளின் நலன் என்றாலும், விமானிகளுக்கும் அது ஒரு பாதுகாப்பு.

பயிற்சியில் சேருமுன் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கவேண்டியவை: எந்த ரக விமானம், செலவு யாருடையது, ஒப்பந்தக் காலம் எவ்வளவு?