‘சரிபார்க்கப்பட்டது’ என்றால் யார் சரிபார்த்தார்கள்?

எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய வணிக மென்பொருளான இ.சி.சி.யின் வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. அதன் முந்தைய மேம்பாட்டுத் தொகுப்புகளில் 0 முதல் 5 வரையிலானவற்றுக்கு 2025 இறுதியிலேயே முடிந்துவிட்டது. கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை இழுக்கலாம். அதற்கு அடுத்த மென்பொருளான எஸ்/4 ஹானாவுக்கு மாறத் தொடங்கியிருக்கும் நிறுவனங்கள், மாறுவதற்கு முன் தங்களிடம் என்னென்ன அப்ளிகேஷன்கள் இருக்கின்றன, எது எதோடு பேசுகிறது என்று கணக்கெடுக்கின்றன. அதற்காகவே ஐ.டி. பிரிவுக்கு வெளியே கணக்குப் பிரிவிலும் கிடங்கிலும் மனிதவளப் பிரிவிலும் இருப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று ஒரு லாகின் வருகிறது. கூடவே, ‘நீங்கள் இந்த ஃபேக்ட் ஷீட்டின் பொறுப்பாளர், சரிபார்த்து உறுதிசெய்யவும்’ என்று ஒரு மின்னஞ்சல். வாசகர்களின் கடிதங்களில் உள்ள குழப்பம் முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றியே இருக்கிறது. திரையில் சதவீதம் ஒன்று, முத்திரை ஒன்று, வண்ண வரைபடம் ஒன்று என்று பல தெரிகின்றன. இவற்றில் எதை நம்புவது என்று கேட்கிறார்கள்.

உதாரணத்துக்கு, இப்படிக் கணக்கெடுக்கும் மென்பொருளான லீன்ஐஎக்ஸை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் பான் நகரில் 2012-ல் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் இது. 2023-ல் எஸ்ஏபி அந்த நிறுவனத்தை வாங்கியது. கெடுவை விதித்த நிறுவனமே கணக்கெடுக்கும் கருவியையும் விற்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இவ்வகை மென்பொருள்களை விற்பவர்கள் பலரும் தங்கள் வொர்க்ஸ்பேஸை ‘உண்மைக்கான ஒரே இடம்’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். ஒரு நிறுவனம் தன் ஐ.டி. அமைப்பைப் பற்றி என்ன நம்புகிறது என்பதன் பதிவு அது. அவ்வளவு சொன்னால் சரியாக இருக்கும். அப்ளிகேஷன், இன்டர்ஃபேஸ், ஐ.டி. காம்போனென்ட், சப்ளையர், வணிகத் திறன் என்று 12 வகை ஃபேக்ட் ஷீட்கள் (ஒவ்வொன்றைப் பற்றிய தகவல் பக்கங்கள்), அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் உறவுகள் ஆகியவைதான் உள்ளே இருக்கும் சரக்கு. டேஷ்போர்டு, ரிப்போர்ட், டயகிராம் எல்லாம் இந்தச் சரக்கை வெவ்வேறு விதமாகக் காட்டுபவை. தேடுவது, வடிகட்டுவது, பட்டியலை எக்செலுக்கு இறக்குவது போன்றவை அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். அவற்றில் நேரம் செலவிட வேண்டாம். இரண்டு உரிமைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும். அட்மின், மெம்பர், வியூவர் என்பவை வொர்க்ஸ்பேஸ் முழுவதற்குமான உரிமைகள். பொறுப்பாளர், பதில் சொல்லக் கடமைப்பட்டவர், பார்வையாளர் என்பவை ஒவ்வொரு ஃபேக்ட் ஷீட்டுக்கும் தனித்தனியாக ஒட்டப்படும் பெயர்கள்.

மேலாளர்கள் அதிகம் கேட்கும் எண், ஒவ்வொரு ஃபேக்ட் ஷீட்டிலும் தெரியும் நிறைவுச் சதவீதம். எந்தப் புலத்துக்கு எவ்வளவு எடை என்பதை அட்மின் தீர்மானிக்கிறார். எந்தெந்தப் புலங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றன என்று மென்பொருள் கூட்டிச் சொல்கிறது. ஒரு அப்ளிகேஷன் தொழிலுக்கு எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு நான்கு படிகளில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தால் சதவீதம் ஏறும். சரியான படியைத் தேர்ந்தாலும் தவறான படியைத் தேர்ந்தாலும் ஏற்றம் ஒன்றே. ஆகவே 95 சதவீதம் என்பது பதிவு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதில் உள்ளது உண்மையா என்ற கேள்வியைத் தொடும் ஏற்பாடு வொர்க்ஸ்பேஸில் அநேகமாக ஒன்றுதான்: குவாலிட்டி சீல் என்ற முத்திரை. இதுவரை நான் பார்த்த இவ்வகை ஏற்பாடுகளில் மிகுந்த யோசனையோடு செய்யப்பட்டது இதுவே. கவலை தருவதும் இதுவே.

பொறுப்பாளர் ஒருவர் ஃபேக்ட் ஷீட்டைப் படித்துப் பார்த்து, சரி என்று முத்திரை வைக்கிறார். பிறகு வேறொருவர் வந்து அதில் எதையாவது மாற்றினால் முத்திரை தானாக உடைந்துவிடும். பொறுப்பாளருக்குத் தகவல் போகும். அவர் மாற்றத்தைப் பார்த்து மறுபடி முத்திரை வைக்க வேண்டும். யாரும் எதையும் மாற்றாவிட்டாலும், நிறுவனம் குறித்த கால இடைவெளி கடந்ததும் முத்திரை காலாவதியாகும். இதன் சிறப்பு என்னவென்றால், திருத்தும் உரிமையை எல்லாருக்கும் திறந்துவிட முடிகிறது. கிடங்கில் இருப்பவருக்கு ஒரு தவறு தெரிந்தால் அனுமதிக்காகக் காத்திருக்காமல் உடனே திருத்தலாம். ஆனால் அந்தத் திருத்தம் இன்னொருவர் ஒப்புக்கொள்ளும் வரை உறுதிசெய்யப்படாதது என்றே தெரியும். பூட்டி வைத்தால் பதிவு பழசாகும், திறந்து வைத்தால் சீர்கெடும் என்ற பழைய சிக்கலுக்கு இது நேர்மையான தீர்வு. உண்மைக்குப் பின்னால் ஒரு மனிதரின் பெயரை வைக்கிறது.

கவலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. முத்திரை காவல் காப்பது பதிவைத்தான். பதிவில் யாராவது கை வைத்தால் அதற்குத் தெரியும். பதிவில் யாரும் கை வைக்காமல் வெளியே நிலைமை மாறினால் அதற்குத் தெரியாது. கிடங்கு மென்பொருளிலிருந்து கணக்கு மென்பொருளுக்கு இரவுதோறும் ஒரு கோப்பு போவதாக ஃபேக்ட் ஷீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன மாதம் அவசரத்துக்கு யாரோ இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதி, அதே தரவை ஒரு சப்ளையரின் சர்வருக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டார். அதைப் பதிவில் சேர்க்கவில்லை. முத்திரை அப்படியே நிற்கும்; ரிப்போர்ட்டில் அந்த இணைப்பு இருக்காது; மாற்றத் திட்டத்தில் அதற்கு இடமும் இருக்காது. பதிவில் சேர்த்து முத்திரையை உடைத்தவரைவிட, பதிவே செய்யாதவர் ஏற்படுத்தும் ஆபத்து பெரிது. ஆனால் ஏற்பாடு முதலாமவரைத்தான் பிடிக்கிறது. அதோடு, பொறுப்பாளரே திருத்தினால் முத்திரை உடைவதில்லை. அவர் கை தவறினால் அதைத் தடுக்க இரண்டாவது கண் கிடையாது.

வெளியுலக மாற்றத்துக்கு எதிராக இருக்கும் ஒரே அரண் காலாவதிதான். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுப்பதைப் போன்றது அது: அலுவலகக் கோப்பு தானாக எதையும் அறியாது என்பதை ஒப்புக்கொண்டு, ஆளிடமே சான்று கேட்கும் முறை. ஆனால் அங்கே ஆள் இருப்பது சரிபார்க்கப்பட வேண்டும். வொர்க்ஸ்பேஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். படித்தாரா என்று மென்பொருள் கேட்பதில்லை. இடைவெளியைத் தீர்மானிப்பவர் அட்மின். ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்தால், ஏறத்தாழ ஓராண்டு பழைய செய்தியும் இன்று உறுதிசெய்த செய்தியும் டேஷ்போர்டில் ஒரே முத்திரையோடு நிற்கும். கெடு நெருங்கும்போது நிறுவனங்கள் இடைவெளியைக் கூட்டவும், பொறுப்பாளர் பெயர்களை எக்செலிலிருந்து மொத்தமாக ஏற்றவும் முனையும் என்பதை எதிர்பார்க்கலாம். மொத்தமாக ஏற்றப்பட்ட பெயருக்கு உரியவர் அந்த அப்ளிகேஷனைத் திறந்தே பார்த்திராதவராகவும் இருக்கலாம். எங்களுக்கு வரும் கடிதங்கள் பலவும் இத்தகையவர்களுடையவை.

இது வெறும் நடைமுறைக் குறை, பெரிதாக்க வேண்டாம் என்று சொல்வோருக்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியைக் காட்டலாம். 2018 ஏப்ரலில் அந்த வங்கி சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் லாய்ட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து புதிய தளத்துக்கு மாற்றியது. மாற்றம் முடிந்ததும் 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022-ல் ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட் அபராதம் விதித்தன. 2023-ல் வங்கியின் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்ட் அபராதம் விழுந்தது. தளத்தை நடத்தவிருந்த நிறுவனம் தயாராக இருக்கிறதா என்பதற்குப் போதிய உறுதியை அவர் பெறவில்லை என்பதே குற்றச்சாட்டின் சாரம். அந்த நிறுவனம் தன் பங்குக்கு மேலும் பல துணை நிறுவனங்களை நம்பியிருந்தது. லீன்ஐஎக்ஸுக்கும் இந்த நிகழ்வுக்கும் தொடர்பில்லை. ஆனால் பாடம் நேராகப் பொருந்துகிறது: ‘தயார்’ என்ற கையெழுத்து அங்கே காகிதத்தில் இருந்தது, அதன் அடியில் எவ்வளவு பரிசோதனை இருந்தது என்பதைக் கேட்க வேண்டியவர்கள் போதிய அளவு கேட்கவில்லை.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது, இனி மனிதர்களை நம்பத் தேவையில்லை, கருவிகளே வலைப்பின்னலைத் துழாவியும் லாகின் பதிவுகளைப் பார்த்தும் அப்ளிகேஷன்களைக் கண்டுபிடித்துவிடும் என்பது. பாதி உண்மை. என்ன ஓடுகிறது, யார் உள்ளே நுழைகிறார்கள் என்பதை அவை நன்றாகவே கண்டுபிடிக்கின்றன. யாருக்கும் தெரியாமல் ஒரு பிரிவு சந்தா கட்டும் சேவைகள்கூட இப்படித்தான் வெளிப்படுகின்றன. ஆனால் அந்த அப்ளிகேஷன் நின்றால் சம்பளம் தாமதமாகுமா, அதைக் கைவிடலாமா, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பவை எந்த வலைப்பின்னலிலும் எழுதப்பட்டிருப்பதில்லை. மாற்றத் திட்டத்துக்கு வேண்டியவையோ இவைதான். இன்னொரு மறுப்புக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்: சிதறிக் கிடக்கும் எக்செல் கோப்புகளைவிட, குறையுள்ள ஒரு பொதுப் பதிவு மேல். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற மென்பொருள் கூறில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்தக் கூறு தங்களிடம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் உலகெங்கும் நிறுவனங்கள் திண்டாடின. பதிவு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் எதிர்ப்பது, முத்திரைகளின் எண்ணிக்கையை முன்னேற்றத்தின் அளவாக மேலிடத்துக்குக் காட்டுவதை. அப்படிக் காட்டத் தொடங்கிய நாளில் முத்திரை வைப்பதே வேலையாகிவிடும், படிப்பது பின்னுக்குப் போகும். உடைந்த முத்திரைகள் அதிகம் உள்ள வொர்க்ஸ்பேஸில் ஆட்கள் வந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எல்லா முத்திரைகளும் ஒரே வாரத்தில் வைக்கப்பட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே வொர்க்ஸ்பேஸுக்குள் நுழைந்ததும் டேஷ்போர்டைத் தாண்டி, ஃபேக்ட் ஷீட்களின் பட்டியலான இன்வென்ட்டரிக்குப் போங்கள். பொறுப்பாளர் பெயரே இல்லாதவற்றை முதலில் வடிகட்டுங்கள். மாற்றத் திட்டத்தின் ஓட்டைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். பிறகு உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு அப்ளிகேஷனின் ஃபேக்ட் ஷீட்டைத் திறந்து, அதன் இன்டர்ஃபேஸ்களை உங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தால் கடைசியாக யார் எப்போது எதைத் தொட்டார் என்பது தெரியும். முத்திரை இருக்கிறது, ஆனால் நெடுங்காலமாக ஒரு திருத்தமும் இல்லை என்றால், அந்தப் பதிவைச் சரி என்று எடுத்துக்கொள்வதற்கு முன் பொறுப்பாளரிடம் நேரில் கேளுங்கள். ரிப்போர்ட்டை அச்சிட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறவர்கள், அதில் உள்ள அப்ளிகேஷன்களின் முத்திரைத் தேதிகளையும் ஒரு நிரலில் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

டயகிராமிலிருந்து ஒரு பெட்டியை நீக்கினால் ஃபேக்ட் ஷீட்டும் போய்விடுமா? போகாது, படத்திலிருந்து மட்டும் போகும்.

ஃபேக்ட் ஷீட்டையே தவறுதலாக நீக்கிவிட்டால்? அது ஆவணக் காப்பில் கிடக்கும், மீட்கலாம்.

வியூவர் உரிமையில் திருத்த முடியுமா? முடியாது, தவறு கண்டால் பொறுப்பாளருக்கு எழுதுங்கள்.

ஆர்ச்சி போன்ற இலவச மென்பொருள் போதாதா? ஆர்க்கிமேட் முறையில் மாதிரி அமைக்கவும் படம் வரையவும் போதும். இந்த முத்திரை ஏற்பாடு அதில் இல்லை.

2030-க்குப் பிறகு இ.சி.சி.க்கு வழி உண்டா? சில பெரிய வாடிக்கையாளர்களுக்கு 2033 வரை ஒரு வழி அறிவிக்கப்பட்டிருக்கிறது; எஸ்ஏபியின் கிளவுட் ஒப்பந்தத்துக்குள் வந்தால்தான் அது கிடைக்கும்.

எனக்குத் தெரியாத அப்ளிகேஷனுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டு, நாளைக்குள் முத்திரை வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது? வைக்காதீர்கள். அதை உண்மையில் நடத்துபவர் யார் என்று விசாரித்து, பொறுப்பை அவர் பெயருக்கு மாற்றச் சொல்லி அட்மினுக்கு எழுத்தில் அனுப்புங்கள்.