கைப்பேசிக் காலத்துப் பிள்ளைகளும் கரும்பலகையும்

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? சேலைத் தொட்டிலை ஆட்டினார்கள். தாலாட்டுப் பாடினார்கள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்று, மலைமேல் இறங்கும் பனிமூட்டத்தைக் காட்டினார்கள். இன்று நாம் என்ன செய்கிறோம்? கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அழுகை நின்றுவிடுகிறது. வாய் திறந்து பேசுமுன்பே விரலால் திரையைத் தள்ளப் பழகிவிட்ட அந்தப் பிள்ளைதான், ஏழு வயதில் சீருடை அணிந்து முதலாம் ஆண்டு வகுப்பில் எங்கள் முன் வந்து உட்காருகிறது.

அந்தப் பிள்ளைக்கு எப்படிப் பாடம் சொல்வது? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஆசிரியராக இருக்கும் எங்களுக்கு இது அன்றாடக் கேள்வி. பெற்றோராகிய உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பெற்றோரிடையே இருவித எண்ணங்களைக் காண்கிறோம். "என் மகன் எல்லாவற்றையும் போனிலேயே கற்றுக்கொள்கிறான், டீச்சர். நீங்களும் அதிலேயே பாடம் நடத்துங்கள்" என்கிறார் ஒருவர். "அந்தச் சனியனைப் பிடுங்கி அடுப்பில் போட்டால்தான் பிள்ளை படிக்கும்" என்கிறார் மற்றொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. முழு உண்மை எதிலும் இல்லை.

எல்லாம் தெரிந்த பிள்ளையா?

கணினிக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் வேறு வகையானவர்கள், அவர்களுக்குப் பழைய முறையில் பாடம் நடத்த முடியாது என்று அமெரிக்கர் மார்க் பிரென்ஸ்கி 2001-இல் எழுதினார். அந்தக் கருத்து உலகெங்கும் பரவியது. பிறகு 2017-இல் பால் கிர்ஷ்னர், பெட்ரோ டி புரூக்கெரே என்னும் இரு கல்வி ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கருவிகளோடு வளர்ந்ததாலேயே ஒரு பிள்ளைக்குக் கற்கும் திறன் கூடிவிடுவதில்லை, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலைகளில் கவனம் செலுத்தும் ஆற்றலும் வந்துவிடுவதில்லை என்பது அவர்களின் முடிவு.

தோட்டப் பள்ளியிலும் இதையே காண்கிறோம். வேண்டிய கார்ட்டூனை ஒரு நொடியில் எடுத்துவிடும் பிள்ளை, நான்கு வரிக் கணக்கைப் படித்துப் பொருள் சொல்லத் தடுமாறுகிறது. அது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளை எழுத்தைத் தட்டித் தேடுவதில்லை. வாயால் பேசித் தேடுகிறது. படத்தைப் பார்த்துத் தொடுகிறது. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடுகிறது. ஒரு எழுத்துகூடப் படிக்காமல் நாள் முழுதும் கைப்பேசியில் பொழுதைக் கழிக்கலாம். அதனால் பிள்ளைக்குப் படிக்கத் தெரியவில்லை என்பது வீட்டில் எவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. கைப்பேசியால் வரும் கேடுகளில் இதுவே பெரிது என்பேன்.

நம் தொழிலையே பாருங்கள். முன்பு கையால் கொழுந்து கிள்ளினோம். இன்று கத்தரியும், இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலை விரைவாக முடிகிறது. ஆனால் இளங்கொழுந்து எது, முற்றிய இலை எது என்று இயந்திரத்துக்குத் தெரியுமா? எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று அறிந்த கைகள் அதைப் பிடித்தால்தான் நல்ல கொழுந்து வரும். கைப்பேசியும் அப்படித்தான். படிக்கத் தெரிந்தவன் கையில் அது நூலகம். படிக்கத் தெரியாதவன் கையில் வெறும் கிலுகிலுப்பை.

கருவிகள் மலையேறிய கதை

பள்ளிக்குப் புதுக்கருவி வருவது இது முதல் முறையன்று. நம் நாட்டில் 1966-இல் பள்ளி வானொலி வந்தது. 1972-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அன்று பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் வெளிச்சம். பகலில் ஒளிபரப்பாகும் பாடத்தை எங்கே பார்ப்பது? அதன்பின் 2012-இல் ஒன் பெஸ்தாரிநெட் திட்டம் தொடங்கியது. நாடு முழுதும் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையத் தொடர்பும் இணைய வகுப்பறையும் தருவது அதன் நோக்கம். அந்த இணைய வகுப்பறையைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே கூறியது. 2019-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடமெல்லாம் இணையத்துக்கு மாறியது. அப்போது கல்வி அமைச்சு எடுத்த கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. பத்தில் ஏறக்குறைய நான்கு பிள்ளைகள்! அவ்வாண்டு ஜூன் மாதம் சபா மாநிலம் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி, இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் ஏறி இருந்து தேர்வு எழுதிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

மலைக்கு மலை மறைக்கும் நம் தோட்டங்களிலும் நிலைமை வேறாக இல்லை. வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்காட்டுக்குப் போய்விடும். மாலையில் அவர் திரும்பிய பிறகுதான் பிள்ளைக்குப் பாடம். மூன்று பிள்ளைகள் இருந்தால் அதிலும் வரிசை. பிறகு பி40 குடும்பப் பிள்ளைகளுக்கு 150,000 கருவிகள் வழங்கும் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் டிடேக் டிவி என்னும் கல்வி ஒளிபரப்பு வந்தது. டெலிமா என்னும் கல்வித் தளமும் இன்று இருக்கிறது.

ஆயினும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதில் அவ்வாறு மாதக்கணக்கில் வீட்டில் இருந்த பிள்ளைகள், இன்று ஆரம்பப் பள்ளியை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுள் பலருக்கு அந்த அடித்தளத்தில் விழுந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் பெரும்பாலும் தேறி வந்தார்கள். கருவி மட்டுமே கிடைத்த பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் அதில் கற்ற பாடம் இது.

வகுப்பறையில் என்ன மாற்றம்?

சரி, ஆசிரியர்கள் பழையபடியே இருந்துவிடலாமா? கூடாது. நாற்பது நிமிடம் நின்று சொற்பொழிவாற்றினால் இன்றைய பிள்ளை கேட்காது. அன்றைய பிள்ளையும் கேட்கவில்லை, பிரம்புக்குப் பயந்து சும்மா இருந்தது. அவ்வளவுதான் வேறுபாடு!

ஆகவே பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கிறோம். பத்து நிமிடம் விளக்கம், பத்து நிமிடம் பிள்ளைகள் தாங்களே செய்யும் வேலை, பிறகு இருவர் இருவராகப் பேச்சு என்று மாற்றி மாற்றி நடத்துகிறோம். சில தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் மிகக் குறைவு. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்த வேண்டியிருக்கும். அங்கே ஒரு வகுப்பு காணொளி பார்க்க, மற்ற வகுப்புக்கு ஆசிரியர் பக்கத்தில் இருந்து சொல்லித் தரலாம். இதற்குக் கருவி நல்ல துணை.

ஆனால் காணொளி மூன்று நிமிடம்தான். அதன்பின் திரையை அணைத்துவிட்டு, "என்ன பார்த்தாய்? உன் சொல்லில் சொல்" என்று கேட்க வேண்டும். அணைத்த பிறகுதான் பாடமே தொடங்குகிறது. கவனம் ஒருமுறை சிதறினால், மாணவர் மீண்டும் பாடத்தில் ஒன்ற 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை கூறுகிறது.

அடுத்து, படிப்பதற்குத் தாள்தான். 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளை, அதாவது 170,000-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட ஆய்வுகளை, ஒன்றாக வைத்து 2018-இல் ஆராய்ந்தார்கள். திரையில் படிப்பதைவிடத் தாளில் படிக்கும்போது பொருள் நன்கு விளங்குகிறது என்று கண்டார்கள். செல்வ நாடான சுவீடன்கூட 2023-இல் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் மீண்டும் முதலிடம் தரத் தொடங்கியது. வசதி நிறைந்தவர்களே புத்தகத்துக்குத் திரும்பும்போது, நாம் புத்தகத்தைத் தூக்கிப் போடலாமா?

இன்னொன்று, கைப்பேசியை வேடிக்கைப் பெட்டியாக விடாமல் வேலைக் கருவியாக்குவது. பிள்ளை ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துக் குரல் பதிவாக ஆசிரியருக்கு அனுப்பலாம். தன் குரலைத் தானே கேட்கும்போது எங்கே தடுக்கியது என்று அதற்கே தெரிந்துவிடும். பாட்டியிடம் பழைய தோட்டக் கதையைக் கேட்டுப் பதிவு செய்து, மறுநாள் அதைத் தமிழில் எழுதி வரலாம். தமிழில் தட்டச்சு செய்யவும் பழகலாம். கணினியில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன்தான். முரசு மென்பொருளை அவர் 1985-இல் உருவாக்கினார். பின்னாளில் கைப்பேசிக்குச் செல்லினத்தையும் தந்தார். நம்மவர் ஒருவர் கருவியை உண்டாக்கித் தந்திருக்கும்போது, நம் பிள்ளைகள் வெறுமனே படம் பார்ப்பவர்களாக நின்றுவிடுவது தகுமா?

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து, கட்டுரையோ கணக்கோ கேட்டவுடன் எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறது. வீட்டுப்பாடம் அழகாக வரும். "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். ஆகவே எழுதி வந்ததை வாயால் விளக்கச் சொல்கிறோம். அது தவறான விடையையும் தயங்காமல் சொல்லும் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

பெற்றோர்களே, விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் மாலையில் களைத்து வரும் உங்களுக்கு இன்னொரு சுமை ஏற்றுவது எங்கள் எண்ணமன்று. சில சிறு பழக்கங்கள் போதும்.

முதலாவது, அளவு. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா? பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்களே நேரம் குறியுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் படுக்கையிலும் கைப்பேசி வேண்டாம். இந்த விதி பெரியவர்களுக்கும் உண்டு. அம்மா நாடகத்தையும் அப்பா டிக்டாக்கையும் பார்த்துக்கொண்டே, "போய்ப் படி" என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்?

இரண்டாவது, தினமும் பத்து நிமிடம் பிள்ளையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "எனக்கே படிக்கத் தெரியாதே" என்று தயங்க வேண்டாம். படித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். கதை கோவையாக வந்தால் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. உளறினால் விளங்கவில்லை. இதை அறியப் பட்டம் வேண்டுமா?

மூன்றாவது, வீட்டுப்பாடத்துக்கு விடை தேட உடனே கைப்பேசியை நீட்டாதீர்கள். முதலில் பிள்ளை தானாக முயலட்டும். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தத் தவற்றைப் பார்த்துத்தான் எங்கே திருத்த வேண்டும் என்று ஆசிரியர் அறிய முடியும்.

நான்காவது, ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. நோய்க்காலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு, அந்தந்தத் தெருவில் இருக்கும் தன்னார்வலர்களே மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். நம் தோட்டங்களிலும் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். கோயில் மண்டபமோ தோட்ட மண்டபமோ இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை நீங்களே எழுந்து கேளுங்கள். எழுந்து கேட்கும் பெற்றோர் இருக்கும் பள்ளியில் வேலை நடக்கும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு மலையிறங்கி மேலே போக இருக்கும் வழி படிப்பு ஒன்றுதான். நிலம் இல்லை, கடை இல்லை, சொத்து இல்லை. பட்டணத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் விட்டுப்போனதை டியூஷனில் பிடித்துக்கொள்ளலாம். நம் பிள்ளைக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. நான்காம் ஆண்டு வந்தும் சரளமாகப் படிக்காத பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் எல்லாப் பாடத்திலும் இடறும். பிறகு நின்றுவிடும். அப்போது அதன் கையில் எவ்வளவு விலையுயர்ந்த கைப்பேசி இருந்தும் பயனில்லை.

ஆகவே கைப்பேசியை அடுப்பிலும் போட வேண்டாம், ஆசிரியர் நாற்காலியிலும் உட்கார வைக்க வேண்டாம். அது இருக்க வேண்டிய இடம் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் பிள்ளையைப் பாடநூலில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுக்கினால் திட்டாதீர்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்து நாளைக் காலை பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள். அங்கிருந்து நாங்கள் தொடங்குகிறோம்.