படகு மோட்டாரின் உயிர் ஒரு ரப்பர் சக்கரத்தில்: இம்பெல்லரை எப்போது, எப்படி மாற்ற வேண்டும்?

குளச்சலிலோ தூத்துக்குடியிலோ ஃபைபர் படகு கிளம்பும் நேரத்தில் கரையில் நின்று பாருங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆனதும் அனுபவமுள்ள மீனவர் கடலைப் பார்க்கமாட்டார். திரும்பி மோட்டாரைத்தான் பார்ப்பார். அதிலுள்ள ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கிறதா? ‘தண்ணி அடிக்குது’ என்றால் கிளம்பலாம். அடிக்கவில்லை என்றால் உடனே மோட்டாரை ஆஃப் செய்தாக வேண்டும்.

அந்தப் பீச்சலுக்குக் காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். பெயர் இம்பெல்லர். மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் இது போனால் மோட்டாரும் போகும்.

கடலே ரேடியேட்டர்

கார் இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டர் இருக்கிறது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் அது கிடையாது. கடல்நீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டோடு மறுபடி கடலுக்கே அனுப்பிவிடும். துளை வழியாக நாம் பார்ப்பது அதில் ஒரு சிறு பங்குதான். ‘பம்பு வேலை செய்யுது’ என்று சொல்ல மட்டுமே அந்தத் துளை.

தண்ணீரை மேலே தள்ளும் பம்பு, மோட்டாரின் கீழ்ப்பகுதியில் கியர் பெட்டிக்கு மேலே இருக்கிறது. இன்ஜினிலிருந்து இறங்கும் டிரைவ் ஷாஃப்ட் இம்பெல்லரின் நடுவே போகிறது. இம்பெல்லர் சுற்றும் கூடு சரியாக நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். குறுகலான பக்கம் வரும்போது ரப்பர் இறக்கைகள் மடங்கும், அகலமான பக்கத்தில் விரியும். விரியும்போது தண்ணீரை இழுக்கும், மடங்கும்போது தள்ளும். அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

மடங்கி விரியும் இந்த ரப்பருக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் கிடையாது. அது தள்ளும் தண்ணீரேதான் அதற்கு வழவழப்பு. ‘கரையில வச்சு ரெண்டு நிமிஷம் ஓட்டிப் பாக்கலாமே’ என்று தண்ணீரில்லாமல் ஸ்டார்ட் செய்வது அதனால்தான் ஆபத்து. நியூட்ரலில் இருந்தாலும் ஷாஃப்ட் சுற்றும், இம்பெல்லரும் சுற்றும். உலர்ந்த ரப்பர் உலோகத்தில் உரசிச் சூடாகி, சில நொடிகளிலேயே சேதம் தொடங்கிவிடும்.

இன்னொரு எதிரி மணல். அலைவாய்க்கரையிலிருந்து தள்ளிவிடும் படகுகள் கலங்கல் நீரை உறிஞ்சுகின்றன. மணல் ரப்பரைத் தேய்க்கும், கூட்டின் உட்சுவரையும் கீறும். சரி, ஓட்டாமல் வைத்தால் தப்புமா? அதுவும் இல்லை. மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இறக்கை அப்படியே வளைந்து இறுகிவிடும்.

உடையும் வரை காத்திருக்கலாமா?

கூடாது. இடைவெளி எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது பொதுவான நடைமுறை. தினமும் உப்பிலும் மணலிலும் ஓடும் மோட்டாருக்கு, பார்த்ததோடு விடாமல் புதிதாகவே மாட்டிவிடுவது நல்லது.

காரணம், இம்பெல்லர் உடைந்தால் சேதம் அதோடு நிற்பதில்லை. பிய்ந்த ரப்பர் துண்டுகள் தண்ணீரோடு மேலே போய், குளிர்விக்கும் பாதைகளிலும் தெர்மோஸ்டாட்டிலும் சிக்கிக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்ட பிறகும் மோட்டார் சூடாகிறதே என்று தலையைச் சொறியும் பலருடைய பிரச்சினை இதுதான். பழைய இம்பெல்லரைக் கழற்றியதும் தூக்கி எறியாதீர்கள். இறக்கைகளை எண்ணுங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது உள்ளே எங்கோ இருக்கிறது, தேடி எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் ஹெட் கேஸ்கட் எரியலாம், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளலாம். பழைய சிறிய மோட்டார்கள் பலவற்றில் சூட்டை எச்சரிக்கும் அலாரமும் கிடையாது.

மாற்றும் வேலை

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். கை உள்ளே இருக்கும்போது மோட்டார் தவறிக்கூட ஸ்டார்ட் ஆகக் கூடாது. பிறகு கியர் கம்பியின் இணைப்பைப் பிரித்து, கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்களைக் கழற்றி, ஷாஃப்ட்டோடு சேர்த்து நேராகக் கீழே இறக்க வேண்டும். வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், உப்பில் இறுகிய போல்ட் லேசில் வராது. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் முறிந்துவிடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டுப் பொறுமையாக இருப்பதே வழி. சில மாடல்களில் ஒரு போல்ட் புரொப்பல்லருக்கு மேலுள்ள சின்னத் துடுப்புக்குள் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காமல் நெம்பினால் கூடு விரிசல் விடும்.

பம்பு மூடியைத் திறந்தால் இம்பெல்லர் தெரியும். அதை ஷாஃப்ட்டோடு பூட்டியிருப்பது ஒரு குட்டி உலோகச் சாவி. மணலில் விழுந்தால் கிடைக்காது, கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். அடித்தட்டிலும் கூட்டின் உட்சுவரிலும் நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் நகத்தில் தட்டினால் அவற்றையும் மாற்ற வேண்டும், தேய்ந்த கூட்டில் புது ரப்பர் போட்டும் பயனில்லை. கேஸ்கட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

புதியதை மாட்டும்போது இறக்கைகளில் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். மூடியை மெல்ல அழுத்திக்கொண்டே, இன்ஜின் சுற்றும் அதே திசையில் ஷாஃப்ட்டைத் திருப்ப வேண்டும். பெரும்பாலான மோட்டார்களில், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசை. அப்போதுதான் இறக்கைகள் சரியான பக்கம் மடங்கும். பொருத்திய பிறகும் எதிர்த்திசையில் திருப்பக் கூடாது.

கீழ்ப்பகுதியை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். உட்காரவில்லை என்றால் பம்பு நன்றாகவே ஓடும், தண்ணீர் மட்டும் மேலே போகாது. போல்ட்களில் துருப்பிடிக்காத கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டமாட்டார்.

சோதனை ஓட்டத்தைத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் செய்யலாம், உறிஞ்சும் துளைகள் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். சிறிது நேரத்தில் பீச்சல் வராவிட்டால் ஆஃப் செய்துவிட்டு, அந்தச் சின்னத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். உப்போ சேறோ அடைத்திருந்தால் அதிலேயே தீர்ந்துவிடும்.

நடுக்கடலில் பீச்சல் நின்றால் உடனே இம்பெல்லரைச் சந்தேகிக்க வேண்டாம். மோட்டாரை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள், உறிஞ்சும் துளைகளை ஒரு பிளாஸ்டிக் பை மூடியிருக்கலாம். பை எதுவும் இல்லை, துளையும் அடைக்கவில்லை என்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் பக்கத்துப் படகைக் கூப்பிடுவதுதான் வழி. ஆடும் படகில், தண்ணீருக்கு மேல் தொங்கும் மோட்டாரில், அந்தக் குட்டிச் சாவியைக் கழற்றி மாட்டுவது நடக்காத காரியம்.