மார்ச் 31: அண்டி ஆபீசுக்கு ஒரு கண்டம்

திருவிதாங்கூர் ஆட்சியில் வடசேரி வியாபாரிக்கும் அந்நியச் செலாவணி தெரியும். சர்க்கார் ரூபாய் என்றால் 28 சக்கரம். ஆரல்வாய்மொழி தாண்டிக் கிழக்கே போனால் பிரிட்டிஷ் ரூபாய்; அதற்கு இருபத்தெட்டரைச் சக்கரம். இங்கே சரக்கெடுத்துத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விற்றவர் அந்த அரைச் சக்கரத்தை விலையிலேயே சேர்த்துப் பேசியிருப்பார். விகிதம் ஆடாதவரை கணக்குப்பிள்ளைக்கும் கவலை இல்லை.

இப்போது டாலர். ‘டாலர் ஏறினால் ஏற்றுமதிக்காரருக்குக் கொண்டாட்டம்’ என்ற தலைப்பில்தான் இந்தக் கட்டுரை கேட்கப்பட்டது. குமரி மாவட்டத்து முந்திரித் தொழிலுக்குள் நுழைந்தால் அந்தத் தலைப்பு நிற்காது. விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், பெண்கள் உடைத்துத் தொலி நீக்கும் கொட்டையில் பெரும்பங்கு நம் தோப்பில் காய்த்ததல்ல. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி-பிசாவ், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வருவது. விலை டாலரில். உடைத்த பருப்போ, இன்று வெளிநாட்டைவிட உள்நாட்டில்தான் அதிகம் போகிறது. தீபாவளி இனிப்பும் பாயசமும் பிரியாணியும் ரூபாயில்தான் காசு கொடுக்கும். டாலரில் வாங்கி ரூபாயில் விற்பவருக்கு டாலர் ஏறுவது கொண்டாட்டமா?

அதனால்தான் கவர். வங்கியில் ஃபார்வர்ட் எடுப்பது எப்படி என்று இந்தப் பத்திரிகை வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நான் பேசவந்தது எடுத்த கவரைக் கணக்கில் எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி. அங்கேதான் நல்ல வியாபாரியும் தடுக்கி விழுகிறார்.

ஒரு கற்பனைக் கணக்கு. டாலர் விலைகள் மட்டும் நிஜம். 2018 அக்டோபர். டாலர் 74 ரூபாயைத் தாண்டிவிட்டது. 80-க்குப் போகும் என்று பேச்சு. வடசேரியில் அலுவலகம் வைத்திருக்கும் முந்திரி அண்ணாச்சி ஒருவர், மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை வரும் ஏப்ரல், மே மாதங்களில் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுகிறார். வருஷா வருஷம் வாங்குவதுதான். ஆனால் ஆர்டர் இன்னும் போடவில்லை. ஏப்ரல் கடைசியில் 75.50 ரூபாய்க்கு டாலர் வாங்கிக்கொள்வதாக ஃபார்வர்ட் எடுக்கிறார். அதைத் தாங்குமாறு பருப்பு விலையைப் பேசிக்கொள்ளலாம், ராத்திரி தூங்கலாம்.

டாலர் இறங்கியது. 2019 மார்ச் 31-ஐ ஒட்டி 69 ரூபாய்ச் சொச்சம். அந்த ஃபார்வர்டின் அன்றைய மதிப்பை 69.50 என்று வைத்தால் டாலருக்கு 6 ரூபாய் குறைவு. மொத்தம் 60 லட்சம். கப்பல் வரவில்லை, கொட்டை வரவில்லை, பில் வரவில்லை. நட்டம் மட்டும் வந்துவிட்டது, அதுவும் 2018-19 லாப நட்டக் கணக்கில்.

“சாரே, நட்டம் வராம இருக்கத்தான நான் கவர் எடுத்தேன்? எடுத்ததுக்கே நட்டம்னு எழுதினா எப்பிடி?” என்றுதான் அண்ணாச்சி ஆடிட்டரிடம் கேட்பார். நியாயமான கேள்வி. கொட்டை வந்திறங்கும் அடுத்த நிதியாண்டில் வேடிக்கை திரும்பும். அப்போது கொட்டையின் அடக்கம் சந்தை விலையில், அதாவது 70 ரூபாய் வாக்கில் ஏறும். அந்த வருஷம் லாபம் கொழுத்துத் தெரியும். முதல் வருஷம் சொன்னதும் பொய், இரண்டாம் வருஷம் சொன்னதும் பொய். மெய் ஒன்றுதான்: அவர் டாலரை 75.50-க்கு வாங்கினார்.

இந்த மெய்யை ஏட்டில் ஏற்றும் வழிக்குத்தான் ஹெட்ஜ் அக்கவுன்டிங் என்று பெயர். 60 லட்சத்தை லாப நட்டக் கணக்குக்குள் விடாமல், கையிருப்பு நிதிகளின் வரிசையில் ‘பணப்பாய்வு ஹெட்ஜ் ரிசர்வ்’ என்ற தனித் தலைப்பில் நிறுத்திவைக்க வேண்டும். கொட்டை வந்ததும் அதன் அடக்கத்தோடு அது போய்ச் சேரும். அடக்கம் 75.50. அக்டோபரில் அவர் எடுத்த முடிவுதான் கணக்கிலும் தெரியும். கவர் எடுக்காத போட்டிக்காரர் அந்த வருஷம் மலிவாக வாங்கினார் என்பது வேறு சங்கதி. அந்த வயிற்றெரிச்சலை எந்தக் கணக்கு முறையும் ஆற்றாது, ஆற்றவும் கூடாது.

பில் வந்துவிட்ட பிறகு எடுக்கும் கவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கணக்குத் தரநிலை 11-இன்படி கடனையும் ஃபார்வர்டையும் ஒரே நாளில் மறுமதிப்பிடும்போது ஒன்றை ஒன்று ஈடுசெய்யும். பிரீமியத்தைக் கால அளவுக்குப் பிரித்து எழுதினால் போதும். சிக்கல் முழுக்க ஆர்டர் கட்டத்திலும் அதற்கு முந்தைய உத்தேசக் கட்டத்திலும் எடுக்கும் கவரில்தான். 2008 மார்ச்சில் பட்டயக் கணக்காளர் கழகம், இத்தகைய ஒப்பந்தங்களில் தெரியும் நட்டத்துக்கு ஒதுக்கீடு செய்தே ஆக வேண்டும் என்று அறிவித்தது. நட்டத்தை எழுது, லாபத்தை எழுதாதே என்கிற பழைய எச்சரிக்கை மரபு அது. 2016 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வழிகாட்டிக் குறிப்பு இரண்டையும் எழுதச் சொன்னது. ஹெட்ஜ் அக்கவுன்டிங் வாசலையும் திறந்தது. 250 கோடி ரூபாய் நிகர மதிப்புக்கு மேற்பட்ட நிறுவனங்களும் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவையும் இண்ட் ஏஎஸ் 109-க்குப் போய்விட்டன. நம் பக்கத்து முந்திரி, மீன்வலைத் தொழில்களில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குக் கீழே, குறிப்பின் உலகத்தில் இருக்கின்றன. வாசல் அவர்களுக்கும் திறந்தே இருக்கிறது. நுழைகிறவர்கள்தான் குறைவு.

நுழையாததால் என்ன வந்தது? என் கவலையே இதுதான். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. ஒருமுறை மார்ச்சில் 60 லட்சம் நட்டம் பார்த்த அண்ணாச்சி அடுத்த வருஷம் கவர் எடுக்க மாட்டார். நம் கற்பனை அண்ணாச்சியையே பின்தொடர்வோம். 2019 அக்டோபரில் வங்கிக்காரர் கேட்கிறார். “வேண்டாம், போன வருஷம் பட்டது போதும்.” 2020 ஜனவரியில் டாலர் 71 ரூபாய் வாக்கில். கொரோனா வருகிறது. மார்ச் கடைசியில் 75-ஐத் தாண்டி, ஏப்ரலில் 76-ஐயும் தாண்டுகிறது. 10 லட்சம் டாலருக்கு அரை கோடி ரூபாய் கூடுதல், அதுவும் ஆலை பூட்டிக் கிடக்கும் நேரத்தில். இந்த நட்டம் ஏட்டு நட்டமில்லை, கையை விட்டுப் போகும் காசு. அவரைக் கவரிலிருந்து விரட்டியது சந்தை அல்ல. போன வருஷத்து லாப நட்டக் கணக்கில் தப்பான இடத்தில் உட்கார்ந்த ஒரு வரி.

2013-ஐ நினைத்துப் பார்க்கலாம். மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் வாக்கில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. நாலு மாதத்துக்குள் கால்வாசி ஏற்றம். கவர் இல்லாத இறக்குமதிக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விரித்துச் சொல்லத் தேவையில்லை.

வங்கி வேறு இரண்டு பக்கமும் இழுக்கிறது. 2014 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதியின்படி, கடன் வாங்கியவர் கவர் எடுக்காமல் விட்டுவைத்த டாலர் எவ்வளவு என்று வங்கி கேட்டே ஆக வேண்டும். அதில் நேரக்கூடிய நட்டத்தை, வட்டியும் தேய்மானமும் கழிக்கும் முன்னுள்ள லாபத்தோடு ஒப்பிடுவார்கள். 15 சதவீதம் வரை பாதகமில்லை. 75-ஐத் தாண்டினால் வங்கி 0.80 சதவீதம் கூடுதல் ஒதுக்கீடு செய்ய வேண்டும், ரிஸ்க் வெயிட்டும் 25 புள்ளி கூடும். அந்தச் செலவு சுற்றிவளைத்து அண்ணாச்சியின் வட்டியில் வந்து நிற்கும். கவர் எடுக்காவிட்டால் இப்படி. கவர் எடுத்து, மார்ச் நட்டத்தை லாப நட்டக் கணக்கில் காட்டினால்? ஒப்பீட்டின் அடியில் இருக்கும் லாபம் சுருங்கும், கவர் இல்லாத மீதி டாலர் இருந்தால் சதவீதம் ஏறும். ஓவர் டிராஃப்ட் புதுப்பிக்க பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டுபவர், “என்ன, லாபம் இவ்வளவு விழுந்திருக்கு?” என்பார். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் இல்லை. இத்தகைய கவரில் ஒப்பந்தம் தீரும்வரை அந்த நட்டம் வரிக் கணக்கில் செல்லாது. முழு லாபத்துக்கும் வரி கட்டிவிட்டு, குறைந்த லாபத்தை வங்கியில் காட்ட வேண்டும்.

திருப்பூர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள், அல்லது கோபப்படுவார்கள். 2007-இல் டாலர் 44-லிருந்து 39 ரூபாய்க்கு இறங்கியபோது பயந்துபோன பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் பலர், கட்டணமே இல்லை என்று வந்த சிக்கலான ஆப்ஷன்களில் கையெழுத்துப் போட்டார்கள். டாலரில் விற்றவர்கள் சுவிஸ் ஃபிராங்க், யென் மீது பந்தயம் கட்டியவர்களாகிப் போனார்கள். நட்டம் தொழிலையே விழுங்கப் பார்த்தது. வழக்குகள் நீதிமன்றம் ஏறின. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், அது சூதாட்ட ஒப்பந்தம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. 2011 ஏப்ரலில் டெரிவேட்டிவ் விதிமீறல்களுக்காக 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது. அந்தக் காலத்தில் நட்டத்தை உடனே எழுதச் சொன்னது சரிதான். இல்லாவிட்டால் பலரது ஏடு அந்தப் பள்ளத்தை மறைத்திருக்கும். ஆனால் அந்த ஒப்பந்தங்கள் ஹெட்ஜ் அக்கவுன்டிங்குக்குத் தகுதியே பெறாதவை. நிகரமாக ஆப்ஷனை விற்பவர் தன்னைக் காத்துக்கொள்பவரல்ல, அடுத்தவருக்குக் காப்பு விற்பவர். அந்தச் சூட்டைப் பார்த்து மிரண்டு, சாதாரண ஃபார்வர்டைக்கூட அதே கண்ணோடு பார்ப்பது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது.

சிறு நிறுவனத்துக்கு எதற்கு இத்தனை வம்பு, ஏற்றுமதி டாலரும் இறக்குமதி டாலரும் தானே ஈடுகட்டாதா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே அளவில் வந்தால் ஈடுகட்டும்.

வாசல் திறந்திருந்தும் ஏன் நுழைவதில்லை? காரணம் ஒரு தாள். எந்த இறக்குமதிக்கு இந்தக் கவர், எந்த மாதம், எவ்வளவு டாலர், எந்த ஆபத்தைத் தடுக்க, அது தடுக்கிறதா என்று எப்படிச் சோதிப்போம் என்று கவர் எடுத்த அன்றே எழுதிவைக்க வேண்டும். பழைய சர்வதேச விதியில் 80-க்கும் 125 சதவீதத்துக்கும் இடையே ஈடு நின்றாக வேண்டும் என்றொரு கெடுபிடி இருந்தது. அதுவும் இப்போது தளர்ந்துவிட்டது. தொகையும் மாதமும் பொருந்தும் சாதாரண ஃபார்வர்டுக்கு ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கம்தான் கோப்பில் இருக்காது. வங்கி அனுப்பிய ஒப்பந்தச் சீட்டு இருக்கும், கமிஷன் பில் இருக்கும், கவர் எடுத்த காரணம் அண்ணாச்சியின் மனசில் மட்டும் இருக்கும்.

பட்டயக் கணக்காளர்களும் இதில் தப்பிக்க முடியாது. ஆகஸ்டில் தணிக்கைக்கு உட்காரும்போதுதான் கவர் பற்றிய பேச்சே எழுகிறது. அப்போது 60 லட்சத்தைப் பார்த்து முதலாளி அதிர, “ஹெட்ஜ் டாக்குமென்ட் ஒண்ணு குடுத்திருந்தா ரிசர்வுக்குக் கொண்டுபோயிருக்கலாமே” என்பார் ஆடிட்டர். முதலாளி உடனே, “இப்ப எழுதிக் குடுத்திருதேன், தேதி போன அக்டோபர் போட்டுக்கலாம்” என்பார். அதற்கு ஆடிட்டர் சம்மதித்தால் அது பொய்ச் சான்று, மறுத்தால் ஒரு வாடிக்கையாளர் போனார். இதே பேச்சை முந்தைய செப்டம்பரில், சீசன் தொடங்கும் முன், வடசேரிக்கு ஒரு நடை போய்ப் பேசியிருந்தால் இருவருக்கும் அந்த இக்கட்டு வந்திருக்காது. தணிக்கைக் கட்டணத்தில் அந்த ஒரு நடைக்குக் காசு கொடுக்க எத்தனை முதலாளிகள் சம்மதிப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.