ஏல மென்பொருளுக்குச் சந்தா தேவைதானா?

கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெருவில் 1940ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் போன்ற ஏலக்கூடங்களில், பொதுவாகப் பொருள் விலைபோன பின்னரே தரகு கழிக்கப்படும். இணைய ஏலத்திற்கான பட்டியலிடும் மென்பொருள்களின் நிலை வேறு. விற்றாலும் விற்காவிடினும் மாதச் சந்தா செலுத்தியாக வேண்டும். எனவே, சேருமுன் கணக்கிடல் நன்று.

வங்காளத்தின் டோக்ரா உலோகச் சிற்பங்களை ஈபே தளத்தின் வழியே வெளிநாட்டினர்க்கு விற்பவர் ஒருவரைக் கொள்வோம். ஒவ்வொரு சிற்பத்திற்கும் வார்ப்பு வேறாதலின், ஒவ்வொன்றிற்கும் தனிப் படமும் விவரமும் தேவை. இப்பணிக்கு 15 நிமிடம் ஆகிறது. மென்பொருளால் அது 5 நிமிடமாகக் குறைகிறது எனலாம். சந்தா மாதம் 1,500 ரூபாய். அவருடைய ஒரு மணி நேரத்தின் மதிப்பு 100 ரூபாய் எனில், மாதம் 90 சிற்பங்களைப் பட்டியலிட்டால்தான் மிஞ்சும் 15 மணி நேரம் சந்தாவுக்கு ஈடாகும். அதற்குக் குறைந்தால் நட்டமே.

ஈபேயின் செல்லர் ஹப் வசதி கட்டணமின்றிக் கிடைக்கிறது. சிறு வணிகர் முதலில் அதனைப் பயன்படுத்திப் பார்க்கலாம். மேலும், மென்பொருள் நேரத்தை மிச்சப்படுத்துமேயன்றி, வாங்குவோரை அழைத்து வாராது. தெளிந்த படமும் நேர்மையான விவரமுமே அவர்களை ஈர்க்கும்.

இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சந்தா தானாகவே பற்று வைக்கப்படலாம். 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அட்டை வழித் தொடர் பற்றுக்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பு வரும். தேவையற்ற சந்தாவை அப்போதே நிறுத்திவிடுக.